விவாகரத்துக்குப் போகும் பெற்றோருக்கான நான்கு மணி நேர வகுப்பு: எதை வைப்பது, எதை எடுப்பது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். விவாகரத்து மனு போட்டிருக்கும், 18 வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள பெற்றோருக்காக ஒரு வகுப்பைத் தயாரிக்க வேண்டும். கையில் இருப்பது மொத்தம் 4 மணி நேரம். பிரிந்தவர்களை மறுபடி சேர்த்து வைப்பது நோக்கமில்லை. கணவன் மனைவி உறவு முடிந்தாலும் அம்மா அப்பா வேலை நடந்தாக வேண்டுமே, அதற்கான வகுப்பு.

பழைய பாடத்திட்டம் ஒன்று கைக்கு வந்தது. முதல் ஒரு மணி நேரம் சட்டம், அடுத்த ஒரு மணி நேரம் குழந்தை மனநலம், பிறகு ஒரு காணொளி, கடைசியில் கேள்வி பதில். படிக்கும்போதே கொட்டாவி வருகிறது. என் சந்தேகங்கள் இவை:

1. நான்கு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?
2. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாமா?
3. குழந்தையின் வயதுவாரியாக எவ்வளவு சொல்ல வேண்டும்?
4. வகுப்பால் பலன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருத்துப் படிவத்தில் எல்லோருமே "மிகவும் பயனுள்ளது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நிழற்குடை

முதலில் சட்டப் பகுதியில் கை வையுங்கள். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை வகுப்பில் கேட்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு வழக்கு கிளம்பும். ஒருவருக்குச் சொன்ன பதில் பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பொருந்தாது. நேரமும் போய்விடும்.

அடுத்தது தொடக்கம். பல வகுப்புகள் அழும் குழந்தையின் முகத்தைத் திரையில் காட்டித்தான் ஆரம்பிக்கின்றன. ஏற்கெனவே குற்ற உணர்வோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் காட்டினால், ஒன்று காதை மூடிக்கொள்வார், இல்லையென்றால் "இதுக்கெல்லாம் காரணம் அந்த ஆள்தான்" என்று பழியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவார். இரண்டுமே வகுப்புக்கு உதவாது. பெரும்பாலான குழந்தைகள் காலப்போக்கில் சமாளித்துக்கொள்கிறார்கள், எது அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது, அதில் உங்கள் கையில் இருப்பது எது என்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். குழந்தையைப் படுத்துவன முக்கியமாக நான்கு: கண்ணெதிரே ஓயாத சண்டை, வீட்டின் அன்றாட ஒழுங்கு குலைவது, பெற்றோரில் ஒருவர் மெல்ல மெல்லக் காணாமல் போவது, வருமானம் விழுவது. நான்காவதை உங்கள் வகுப்பு தொட முடியாது. முதல் மூன்றையும் தொடலாம்.

240 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: அறிமுகமும் வகுப்பு விதிகளும் 20. வயதுவாரிப் பகுதி 35. குழந்தையை நடுவில் இழுக்காமல் இருக்கும் பயிற்சி 75. இடைவேளை 15. செய்தி எழுதும் பயிற்சி 45. இரண்டு வீட்டு ஏற்பாட்டுத் திட்டம் 40. படிவங்கள் 10. பாதி நேரம் பயிற்சிக்கே போகிறது என்று தோன்றும், போகட்டும். கேட்டது வாசல்படி தாண்டுமுன் மறந்துவிடும், வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம் கொஞ்சமாவது நிற்கும்.

இதற்கு ஒரு சான்று சொல்லலாம். அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் உருவான 'நியூ பிகினிங்ஸ்' திட்டத்தை 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் உள்ள 240 குடும்பங்களில் சோதித்தார்கள். 6 ஆண்டுகள் கழித்தும் 15 ஆண்டுகள் கழித்தும் பின்தொடர்ந்தபோதும் பிள்ளைகளிடம் பலன் தெரிந்தது. அங்கே சட்டமும் புள்ளிவிவரமும் ஓதவில்லை. பிள்ளையோடு தனியாக நேரம் கழிப்பது, காது கொடுத்துக் கேட்பது, மாறாத கண்டிப்பு, சண்டையிலிருந்து பிள்ளையை ஒதுக்கி வைப்பது, இவ்வளவுதான் பாடம். ஆனால் அது 11 குழு அமர்வு, கூடவே 2 தனி அமர்வு. வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு. அதை 4 மணி நேரத்தில் அடைக்க முடியாது. ஆகவே இரண்டு திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றை உருப்படியாகச் செய்யுங்கள்.

முதல் திறமை, குழந்தையை நடுவில் இழுக்காமல் இருப்பது. இழுப்பதற்கு நான்கு வழி உண்டு: தூது விடுவது, உளவு கேட்பது, ரகசியம் காக்கச் சொல்வது, கட்சி சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் வாயில் வரும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். ஒருவர் குழந்தை, ஒருவர் பெற்றோர், ஒருவர் பார்வையாளர். சுற்றுக்கு 5 நிமிடம், பிறகு இடம் மாற வேண்டும். உதாரணத்துக்கு:

குழந்தை: "அப்பா, இந்த மாசப் பணம் இன்னும் வரலையாம், அம்மா கேக்கச் சொன்னாங்க."
நாக்கு நுனிக்கு வரும் பதில்: "உங்கம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?"
பழக வேண்டிய பதில்: "அது பெரியவங்க பேசிக்க வேண்டியதுடா. நான் அம்மாகிட்டயே பேசிக்கிறேன். நீ இதைச் சுமக்க வேண்டாம். ஷூவைக் கழட்டிட்டு வா."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பேச்சை முடித்துக் குழந்தையை அதன் உலகத்துக்குத் திருப்பி அனுப்பும் வாக்கியம் அது. அது இல்லாவிட்டால் குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். இந்தப் பயிற்சியில் வழக்கமாகக் கெடுவது ஒன்றுதான்: "இதை அவளுக்குச் சொல்லிக் குடுங்க சார்" என்று ஆரம்பிப்பார்கள். வகுப்பு விதியாகவே எழுதி ஒட்டிவிடுங்கள்: இந்த அறையில் இல்லாதவரைப் பற்றிப் பேச்சில்லை. பயிற்சித் தாளில் எல்லா வாக்கியமும் "நான்" என்றே தொடங்கட்டும்.

இரண்டாவது, செய்தி எழுதுவது. போனில் தாங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். குழந்தையைப் பற்றிய தகவல் எத்தனை சொல், மீதி எத்தனை சொல் என்று மட்டும் எண்ணட்டும். அறை அமைதியாகிவிடும். அப்புறம் இதைப் பலகையில் எழுதுங்கள்:

"எப்பவும் போல லேட்டாத்தான் வரப்போறீங்க. போன வாரமும் புள்ள வாசல்லயே உக்காந்திருந்தான். உங்களுக்கு உங்க வேலைதானே முக்கியம். நாளைக்கு மருந்து வேற குடுக்கணும், அதையும் மறந்துடுவீங்க."

இதில் தேவையான தகவல் மருந்து ஒன்றுதான். அது கடைசியில் கிடக்கிறது, அளவும் இல்லை, நேரமும் இல்லை. படிப்பவர் அங்கே வருவதற்குள் சூடாகி முதல் வரிக்குப் பதில் தட்ட ஆரம்பித்துவிடுவார். மருந்து போச்சு. திருத்தினால்:

"நாளை மாலை 5 மணிக்குத் தயாராக இருப்பான். இருமல் மருந்து பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. இரவு 8 மணிக்கு 5 மி.லி. கொடுக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 4.30க்குள் சொல்லுங்கள்."

அமெரிக்க வழக்கறிஞரும் சமரசருமான பில் எடி இதற்கு வகுத்த நான்கு அளவுகோல் போதும்: சுருக்கம், தகவல், இணக்கமான தொனி, உறுதி. இவற்றில் 'உறுதி' பலருக்குப் புரிவதில்லை, மிரட்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செய்தியோடு பேச்சு முடிய வேண்டும், புதிய வாதத்துக்குக் கதவு திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தராசு

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சமரசம் செய்யும் இடத்திலிருந்து. ஒரே அறை வேண்டாம். "எங்களுக்குள்ள பிரச்சினை இல்ல, சேந்தே வரோம்" என்று இருவரும் சொன்னாலும் வேறு வேறு குழுவில் போடுங்கள். எதிரே அவர் உட்கார்ந்திருந்தால் இவர் வாயைத் திறக்க மாட்டார், அல்லது அவருக்குக் கேட்கட்டும் என்றே பேசுவார். இரண்டிலும் பயிற்சி நடக்காது.

அதைவிடப் பெரிய காரணம் வன்முறை. வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் தனியாக, நேரிலோ போனிலோ நாலு கேள்வி கேளுங்கள். அவர் முன்னால் மனதில் பட்டதைப் பேச முடியுமா? பணம், போன், வெளியே போவது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? அடித்தது, கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்றது உண்டா? பிரிகிறேன் என்று சொன்ன பிறகு மிரட்டலும் பின்தொடர்தலும் கூடியிருக்கிறதா? கடைசி இரண்டில் எதற்காவது "ஆம்" என்றால் அவரைப் பொது வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். கழுத்தை நெரித்த வரலாறு பின்னால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதற்கான வலுவான எச்சரிக்கை. பிரியும் காலம் ஆபத்து குறையும் காலம் அல்ல, பல குடும்பங்களில் கூடும் காலம்.

இந்தக் கேள்விகளைத் தாளில் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. யார் பிரிப்பார்கள் என்று தெரியாது. கணவன் மனைவி இருவருமே பார்க்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பக் கூடாது.

ஏன் பொது வகுப்பு கூடாது? "ஒத்துழையுங்கள், விட்டுக்கொடுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அங்கே பாடம். அடி வாங்கியவருக்கு அதே பாடத்தைச் சொன்னால் பழைய வாழ்க்கைக்கே திருப்பி அனுப்புகிறோம். அவருக்கு வேறு பாடம் வேண்டும்: பாதுகாப்புத் திட்டம், மூன்றாம் ஆள் முன்னிலையில் குழந்தையை ஒப்படைப்பது, எழுத்தில் மட்டுமே தொடர்பு.

நடைமுறையில் சின்னச் சின்ன விஷயத்தில்தான் கோட்டை விடுகிறோம்:

வருகைப் பதிவேட்டை மேசையில் திறந்து வைப்பார்கள். போன வகுப்பின் பக்கத்தைப் புரட்டினால் மற்றவர் எந்த நாள் வந்தார், எந்த எண் கொடுத்தார் எல்லாம் தெரியும். ஆளுக்கொரு சீட்டாகக் கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழில் முகவரி போடாதீர்கள். இணைய வழி என்றால் திரையில் முழுப் பெயர் வரக் கூடாது, பதிவும் செய்யக் கூடாது. கேமராவை ஆன் செய்யச் சொல்லலாம், ஆனால் பின்னணியை மறைக்கும் வழியை முதலில் காட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று. வகுப்பில் பேசியது நீதிமன்றத்துக்குப் போகாது, நடத்துபவர் சாட்சி சொல்ல வர மாட்டார், சான்றிதழ் வந்தார் என்பதை மட்டுமே சொல்லும். இதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். கூடவே விதிவிலக்கையும் சொல்லுங்கள்: குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் வாய் மூடி இருக்க முடியாது. விதிவிலக்கைப் பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

குழு 12 முதல் 16 பேர் வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மூன்று பேர்ப் பயிற்சியை ஒருவர் மேற்பார்க்க முடியாது. நடத்துபவர்கள் ஓர் ஆண், ஒரு பெண் என இருவர் இருந்தால் "எங்க பக்கம் பேச ஆளே இல்ல" என்ற முணுமுணுப்பு பாதி அடங்கும்.

மணல்வீடு

வயதுவாரிப் பகுதிக்கு 35 நிமிடம் போதும், ஆனால் அட்டவணையைத் திரையில் போட்டு வாசிக்காதீர்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் வயதுத் தாளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். தாளில் இருக்க வேண்டியது:

மூன்று வயதுக்குள்: நீண்ட பிரிவு தாங்காது. வாரம் ஒரு முழுநாள் பார்ப்பதைவிட, அடிக்கடி கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது. தூங்க வைக்கும் வரிசை (குளியல், கதை, விளக்கணைப்பு) இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ பொம்மையோ கூடவே போய் வரட்டும்.

3 முதல் 5: "நான் அடம் புடிச்சதாலதான் அப்பா போயிட்டாரு" என்று உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொள்ளும் வயது. ஒரு தடவை இல்லை என்று சொன்னால் போதாது. பல வாரம், கேட்காமலேயே சொல்ல வேண்டும். விட்டுப்போயிருந்த பழக்கங்கள், படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் மழலைப் பேச்சும், திரும்பலாம். கண்டிக்க வேண்டாம். சுவரில் இரண்டு நிறம் தீட்டிய நாள்காட்டி நிறைய உதவும்.

6 முதல் 8: மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை விடாது. அதற்காகவே உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, நடிப்பும் அல்ல, வயிறு உண்மையிலேயே வலிக்கும். இந்த வயதுக் குழந்தை முன்னால் பெற்றோர் இருவரும் மிகவும் நெருக்கமாக நடந்துகொண்டாலும் குழப்பம்தான்.

9 முதல் 12: நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர் என்று பிரித்துவிடும். கோபம் தூக்கலாக இருக்கும். கட்சி சேர்க்க மிக எளிதில் அகப்படும் வயது என்பதால் உங்கள் 75 நிமிடப் பயிற்சி இவர்களின் பெற்றோருக்குத்தான் அதிகம் தேவை.

13க்கு மேல்: பாதிப்பே இல்லாததுபோல நடமாடும். நண்பர்கள், பரீட்சை, விளையாட்டு இவற்றுக்கு இடம் விட்டு அட்டவணை நெகிழ வேண்டும். கவனிக்க வேண்டியது தலைகீழ் உறவு: அம்மாவின் தோழியாக, அப்பாவின் ஆலோசகராக, தம்பி தங்கைக்குப் பெற்றோராக மாறிவிடும் பிள்ளை. "எவ்ளோ பொறுப்பு பாருங்க" என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

வயது எதுவானாலும், பிரியப் போவதைச் சொல்லும் பேச்சை வகுப்பிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்வது. ஒருவர் வீட்டை விட்டுப் போவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு. ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் சில நாள் முன்பு போதும், அதற்கு மேல் அவர்களுக்குக் காலக்கணக்கு பிடிபடாது. பேச்சில் நான்கு செய்தி: நாங்கள் தனித்தனி வீட்டில் இருக்கப் போகிறோம், இது நீ செய்த எதனாலும் இல்லை, உன் வாழ்க்கையில் மாறுவதும் மாறாததும் இவை, எப்போது வேண்டுமானாலும் எங்கள் இருவரிடமும் கேட்கலாம். காரணம் சொல்லும்போது பெரியவர்களின் அந்தரங்கம் வேண்டாம். பேச்சு பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். பல பிள்ளைகள் முதலில் கேட்பது "என் சைக்கிள் எங்க இருக்கும்?" என்பது மாதிரிதான் இருக்கும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. குழந்தை மாறாததைத் தேடிக்கொண்டிருக்கிறது.

வீடு மாறும் நேரம் தனிக் கவனம் கேட்கும். இருவரும் நேரில் பார்த்தாலே பற்றிக்கொள்ளும் என்றால் பள்ளியை நடுவில் வையுங்கள்: காலையில் ஒருவர் விட, மாலையில் மற்றவர் அழைத்துக்கொள்ளலாம். நேரில்தான் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பணம், வழக்கு, புகார் எதுவும் வாசலில் பேசக் கூடாது. பைக்குள் ஒரு பட்டியல் ஒட்டிவிடுங்கள்: மருந்து, கண்ணாடி, பாடப் புத்தகம், அந்தப் பொம்மை. வந்த முதல் ஒரு மணி நேரம் "அங்க என்ன சாப்ட்ட, யாரு வந்தாங்க" என்று துருவ வேண்டாம். அந்த நேரத்தில் அழுகையும் முறைப்பும் சகஜம். அதை மட்டும் வைத்து "அங்கே கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று முடிவுக்கு வரக் கூடாது. அதே சமயம் காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பயம், வாரக்கணக்கில் தூக்கமின்மை இவை வீடு மாறும் சிணுங்கல் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டியவை. வகுப்பில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் ஒரு தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

கோப்புக்கட்டு

சட்டத்தை வெட்டச் சொன்ன நிழற்குடையோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கால்வாசியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த 40 நிமிட ஏற்பாட்டுப் பகுதியில் கறாராக எழுதக் கற்றுக்கொடுக்காவிட்டால், பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் மனு போட வேண்டியிருக்கும்.

"தகுந்த நேரத்தில் பார்க்கலாம்" என்று எழுதிய ஒப்பந்தம் சண்டைக்கு அழைப்பிதழ். "வெள்ளி மாலை 6 முதல் ஞாயிறு மாலை 6 வரை, அழைத்துப் போவது தந்தை, திரும்ப அழைத்துக்கொள்வது தாய், 20 நிமிடம் வரை தாமதம் பொறுக்கப்படும், நாள் மாற்ற 48 மணி நேரம் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் மாற்றம் இல்லை." இப்படி இருக்க வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் "நான் கேட்டேனே" "நான் ஒத்துக்கலையே" என்று இழுபறி.

சமமாகப் பிரிப்பவர்களுக்கு மூன்று அட்டவணை காட்டினால் போதும். 2-2-3: திங்கள் செவ்வாய் ஒருவர், புதன் வியாழன் மற்றவர், வெள்ளி முதல் ஞாயிறு முதலாமவர், அடுத்த வாரம் தலைகீழ். சின்னப் பிள்ளைக்குப் பிரிவு குறைவு, ஆனால் வாரத்துக்கு மூன்று மாற்றம், கிழமை நிலையாக இருக்காது. 2-2-5-5: திங்கள் செவ்வாய் எப்போதும் ஒருவர், புதன் வியாழன் எப்போதும் மற்றவர், வார இறுதி மாறி மாறி. பள்ளி வயதுக்குச் சௌகரியம், யார் வீட்டில் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்பது நிலைத்துவிடும். வாரம் விட்டு வாரம்: மாற்றம் ஒன்றே ஒன்று, பதின்வயதினருக்குப் பிடிக்கும், ஐந்து வயதுக்கு ஏழு நாள் நீளம்.

திட்டத்தில் விட்டுப்போகும் மற்றவை: விடுமுறை அட்டவணையும் வார அட்டவணையும் மோதினால் எது செல்லும், கடவுச்சீட்டு யாரிடம், அவசரமில்லாத மருத்துவ முடிவில் இருவரும் உடன்படாவிட்டால் யாரிடம் போவது, போனில் பேச எந்த நேரம், எந்தத் தேதியில் மறுபரிசீலனை. பள்ளி சேரும்போதும் 12, 13 வயதிலும் மறுபரிசீலனை தானாக வரும்படி எழுதிவிடுங்கள்; அப்போது கேட்பவர் "வம்புக்கு வருகிறார்" என்ற பேச்சு எழாது.

"யாரோட இருக்க உனக்கு இஷ்டம்?" என்று குழந்தையிடம் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, 9ஆம் பிரிவு, குழந்தையின் நலனுக்குக் கேடு இல்லாதவரை இரு பெற்றோரோடும் தொடர்பு வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. கருத்துக் கேட்பது வேறு, தீர்ப்பெழுதும் வேலையைக் குழந்தை தலையில் கட்டுவது வேறு. "எந்த நாள்ல நீச்சல் வகுப்பு இருந்தா உனக்கு வசதி?" என்று பெற்றோர் கேட்கலாம். "யாரோட இருக்க இஷ்டம்?" என்று கேட்கக் கூடாது.

கரும்பலகை

மிக்க நன்றி, பாதிப் பாடத்திட்டம் இங்கேயே எழுதி முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சிக்கல். வன்முறை இல்லை, ஆனால் இரண்டு பேரும் ஒரு சொல்கூடப் பேச முடியாத நிலை. எதைச் சொன்னாலும் சண்டை. "நீங்கள் சொல்வதெல்லாம் பேசிக்கொள்கிறவர்களுக்குத்தான்" என்று இவர்கள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களே?

தராசு

அவர்களை நண்பர்களாக்கப் பார்க்காதீர்கள். இணைப் பாதை ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது: தண்டவாளம் மாதிரி, பக்கத்தில் போகும், முட்டிக்கொள்ளாது. கலிபோர்னியாவில் 1980களில் எலினோர் மக்கோபியும் ராபர்ட் முனூக்கினும் சுமார் 1,100 குடும்பங்களைப் பின்தொடர்ந்தபோது, பிரிந்த பெற்றோர் ஒத்துழைப்பவர்கள், சண்டையிடுபவர்கள், ஒதுங்கி நடப்பவர்கள் என மூன்று வகையாகத் தெரிந்தார்கள். மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஒதுங்கி நடப்பவர்களே அதிகம். இதை வகுப்பில் சொன்னாலே கையைக் கட்டியிருப்பவர்களின் தோள் கொஞ்சம் இறங்கும். அதுவரை "நல்ல பெற்றோர் என்றால் பேசிச் சிரிக்கணும்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கான விதிகள்: தொடர்பு எழுத்தில் மட்டும், ஒரே வழியில் மட்டும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், தங்கை மூலம் என்று மூன்று வழி வேண்டாம். அவசரம் இல்லாததைச் சேர்த்து வைத்து வாரம் ஒரு செய்தி. பதில் தர 24 மணி நேரம். எது அவசரம் என்பதை முன்பே எழுதிக்கொள்வது: மருத்துவமனை, பள்ளியிலிருந்து அழைப்பு, வர முடியாமல் போவது, இந்த மூன்றுக்கு மட்டும் போன். பெற்றோர் கூட்டத்துக்கு வேறு வேறு நேரம் பள்ளியில் கேட்பது. ஒரு வீட்டுக்குள் நடப்பதில் மற்றவர் தலையிடாதது.

கடைசி விதிதான் கசக்கும். அங்கே பத்தரை மணி வரை விழித்திருக்கிறான், போன் பார்க்கிறான் என்று வயிறு எரியும். மருந்து, பாதுகாப்பு, பள்ளிக்குப் போவது இவை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. மீதி அந்தந்த வீட்டு விதி. இரண்டு வீட்டில் இரண்டு விதி இருந்தால் குழந்தை சமாளித்துக்கொள்ளும். பள்ளியில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று என்று ஏற்கெனவே பழக்கம்தான்.

மணல்வீடு

தராசு சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். இந்த ஏற்பாட்டில் தகவல் இடைவெளியைக் குழந்தை நிரப்பப் பார்க்கும். பெற்றோர் பேசிக்கொள்ளாததால் பரீட்சைத் தேதியும் பல் மருத்துவர் நேரமும் அதன் வாய் வழியே போகும், நல்லெண்ணத்தோடுதான். வாராந்தரச் செய்திக்கு ஒரு நிலையான படிவம் கொடுத்துவிடுங்கள்: உடல்நலம், பள்ளி, இந்த வாரம் வரும் நிகழ்ச்சி, கொடுத்தனுப்பும் பொருள். நான்கு தலைப்பு, தலைப்புக்கு இரண்டு வரி. எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதினால் போதும்.

நிழற்குடை

நான்காவது கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது.

வகுப்பு முடிந்த கையோடு வாங்கும் படிவத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண்தான் வரும். டீயும் நாற்காலியும் சரியாக இருந்தாலே வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நடத்தையைக் கேளுங்கள், எண்ணிக்கையாகக் கேளுங்கள், இரண்டு தடவை கேளுங்கள்: வகுப்புக்கு வருமுன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை. "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை குழந்தை மூலம் செய்தி அனுப்பினீர்கள்? குழந்தை காதில் விழும்படி எத்தனை முறை அவரைத் திட்டினீர்கள்? எத்தனை ஒப்படைப்பில் குரல் உயர்ந்தது? குழந்தையோடு தனியாக, போன் இல்லாமல், 15 நிமிடமாவது எத்தனை நாள் இருந்தீர்கள்?" நேரில் கேட்டால் மழுப்புவார்கள், பெயர் இல்லாத குறியீட்டு எண்ணோடு எழுதி வாங்குங்கள். மூன்று மாதத் தொடர்புக்குச் சம்மதத்தை வகுப்பின் தொடக்கத்திலேயே வாங்காவிட்டால் பிறகு பாதிப் பேரைப் பிடிக்க முடியாது.

எப்போது நடத்துவது என்பதும் இதோடு சேர்ந்தது. மனு போட்ட முதல் சில வாரங்களில் நடத்தப் பாருங்கள். இறுதி விசாரணைக்கு முந்தைய வாரம் சான்றிதழுக்காக மட்டும் வருபவரிடம், ஆறேழு மாதம் பிரமாணப் பத்திரமாக எழுதிக் குவித்த பிறகு, "நடுவில் இழுக்காதீர்கள்" என்று சொல்லி என்ன பயன்? தென்கொரியாவில் 2008 முதல் குழந்தை உள்ளவர்கள் ஒப்புதல் விவாகரத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், முதலில் வழிகாட்டலைப் பெற வேண்டும். டென்மார்க்கில் 2019 ஏப்ரலில் மூன்று மாதக் காத்திருப்போடு சுமார் அரை மணி நேர இணையப் பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பின்னாலிருந்த முழுப் பாடத் தொகுப்பில் 17 பகுதிகள், வேண்டியதைத் தேர்ந்து படித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய கட்டாயப் பெற்றோர் வகுப்பையும் விவாகரத்து மனுவுக்கு முன்பே முடிக்க வேண்டும். அமெரிக்காவில் புளோரிடா குறைந்தது 4 மணி நேரம் கேட்கிறது, அதாவது உங்கள் அளவுதான்.

இணைய வழி போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தகவலுக்குப் போதும். தூரத்தில் இருப்பவர், இரவுப் பணிக்காரர், எதிர்த் தரப்பைப் பார்க்க அஞ்சுபவர் இவர்களுக்கு அதுதான் வழி. வாயால் சொல்லிப் பழகும் பயிற்சி மட்டும் அதில் நடக்காது, ஓடவிட்டுவிட்டுச் சமைக்கப் போய்விடுவார்கள். ஆகவே வயதுவாரிப் பகுதியையும் கோப்புக்கட்டு சொன்ன திட்டப் பகுதியையும் வீட்டுப்பாடமாக இணையத்தில் போட்டுவிட்டு, கையில் மிஞ்சும் 75 நிமிடத்தை மூன்று வாரம் கழித்து இரண்டாவது அமர்வாக வையுங்கள். முதல் அமர்வில் எழுதிய பதிலை வீட்டில் சொல்லிப் பார்த்தார்களா, எந்த இடத்தில் வாய் தடுமாறியது என்று அங்கே கேட்கலாம்.